லயத்தில் கடைசி நாட்கள்: ஊவாத் தோட்டங்களில் ஒரு ஹொஸ்பீஸ் சேவை நிலைத்து நிற்குமா?

ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தால் கழிவுப் பக்கம் நீளமாக இருக்கும். சேமலாப நிதி, தொழிற்சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், கோயில் பணம் என்று வரிசையாகப் போகும். பல தோட்டங்களில் அந்த வரிசையில் மரணாதாரச் சங்கத்துக்கான சிறு தொகை ஒன்றும் இருக்கும். வீட்டில் சாவு விழுந்தால் அந்தச் சங்கம் வந்து நிற்கும். பெட்டி, கொட்டகை, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, குழி வெட்ட ஆள் என எல்லாவற்றுக்கும் அங்கே ஏற்பாடு உண்டு. நூறு ரூபா இல்லாத வீட்டிலும் அடக்கம் மரியாதையாக நடந்து முடிகிறது.

ஆனால் அந்தச் சாவுக்கு முந்திய மூன்று மாதங்களுக்கு யாரிடமும் ஏற்பாடு இல்லை. 'இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்க' என்று வைத்தியசாலை அனுப்பிய நாளிலிருந்து காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் துக்கச் செய்தி சொல்லப்படும் நாள் வரையுள்ள இடைவெளி அது. அதை நிரப்பும் சேவை ஒன்றை ஊவாவில் தொடங்க முடியுமா, தொடங்கினால் எந்தப் பணத்தில், எந்தச் சட்டத்துக்குள், யாரைக் கொண்டு நடத்துவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஹொஸ்பீஸ் என்றதும் நம்மில் பலருக்குச் சாவதற்கென்று ஒதுக்கப்பட்ட கட்டிடம் ஒன்றுதான் மனதில் எழுகிறது. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பீஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு வைத்தியரானவர். உடம்பின் வலியோடு மன வேதனை, குடும்பக் கவலை, கடவுளிடம் கேட்கும் கேள்வி எல்லாம் சேர்ந்ததே ஒருவரின் 'முழு வலி' என்றார் அவர். அந்த முழு வலியையும் தணிப்பதுதான் நோய்த்தணிப்புப் பராமரிப்பு. அது கட்டிடத்துக்குள்ளும் நடக்கும், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பராவுக்குள்ளும் நடக்கும். 2014 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை இதை ஒவ்வொரு நாட்டின் சுகாதார சேவையிலும் ஓர் அங்கமாக்க வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. ஆண்டுதோறும் 5 கோடியே 68 இலட்சம் பேருக்கு இப்பராமரிப்பு தேவைப்படுவதாகவும், தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 வீதத்தினரே அதைப் பெறுவதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

நம் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 8 இலட்சத்து 15 ஆயிரம். அதில் மலையகத் தமிழர் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு ஆண்டில் ஆறு மரணம் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,900 மரணங்கள் வரும். விபத்து, திடீர் மாரடைப்பு போன்றவற்றைக் கழித்து, நோயில் கிடந்து வலியோடு இறப்பவர்களை நூற்றுக்கு நாற்பது என்று எடுத்துக்கொண்டால் இரண்டாயிரம் பேர். மலையகத் தமிழரில் மட்டும் நானூறு பேர். இந்த நாற்பது என்பது என் அனுமானம். அதைப் பாதியாகக் குறைத்தாலும் சேவைக்கு ஆள் தேட வேண்டிய நிலை வராது.

நோய்களின் வகையும் இங்கே தனித்தன்மை உடையது. இலங்கையில் புற்றுநோய்களுள் ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப் புற்றுநோய். கொழுந்து பறிக்கும் மலையிலும் கவ்வாத்து வெட்டும் மலையிலும் குளிருக்கும் பசிக்கும் துணையாக வெற்றிலை, பாக்கு, புகையிலை வாயில் அடங்கிக் கிடப்பதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. வாய்ப் புற்று முற்றினால் சாப்பிட முடியாது, பேச முடியாது, புண்ணிலிருந்து நாற்றம் வீசும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேரோடு படுத்திருக்கும் ஒருவருக்கு அந்த நாற்றம் வலியை விடக் கொடிது. பேரப்பிள்ளைகள் கிட்ட வருவதில்லை என்பதை அவர் கவனிக்கிறார். புண்ணைத் துப்புரவாக்கி, மெட்ரோனிடசோல் குளிசையைப் பொடித்துத் தூவினாலே நாற்றம் பெருமளவு அடங்கிவிடும். இதற்கு விசேட வைத்தியர் தேவையில்லை. சொல்லிக்கொடுக்கப்பட்ட ஒரு கை போதும்.

தோட்டப் பகுதிக்கு வெளியே, இதே மாவட்டத்தின் வடக்குப் பகுதியில் உள்ள கிராந்துருகோட்டைப் பக்கம் காரணம் துலங்காத சிறுநீரக நோய்க்குப் பெயர்போனது. அங்கே பாதிக்கப்படுவோர் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள். ஊவாவில் தொடங்கும் சேவை தோட்டத் தமிழருக்கு மட்டும் என்று எல்லை போட்டுக்கொண்டால் அது நியாயமும் ஆகாது, நிலைக்கவும் செய்யாது. அதேவேளை இருமொழியும் அறிந்த தாதி இல்லாவிட்டால் தோட்டத்தில் அது காலூன்றாது. தன் நோய் என்ன என்பதையே மொழிபெயர்ப்பில், அதுவும் வார்ட்டில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் வாய்வழியாக, அறிந்துகொள்ளும் நோயாளிகள் நம்மிடையே அதிகம். தான் இறக்கப்போகிறோம் என்ற செய்தியாவது ஒருவருக்கு அவருடைய மொழியில், அவரை மதித்துச் சொல்லப்பட வேண்டும்.

போட்டியாளர் யார் என்று தொழில் தொடங்கும் எவரும் முதலில் பார்ப்பார்கள். ஊவாவில் அந்த இடத்தில் இருப்பது அரசாங்கம், அதன் சேவையோ இலவசம். பதுளை போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. தியத்தலாவையிலும் மகியங்கனையிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. மேலதிக சிகிச்சைக்கு மகரகமையிலுள்ள அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அது பதுளையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். வழமையான காலத்தில் ரயிலில் போனால் கொழும்புக் கோட்டைக்கே ஒன்பது பத்து மணித்தியாலம் ஆகும். ஆகவே 'இலவசம்' என்ற சொல்லைத் தோட்டத்திலிருந்து பார்க்கும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. மடுல்சீமைக்கு மேலேயுள்ள ஒரு டிவிசனிலிருந்து நோயாளியை இறக்கி ஆட்டோ பிடித்து, பசறையில் பஸ் மாறி, பதுளைக் கிளினிக்குக்கு வந்து போக ஒரு நாள் கழிகிறது. கூட வந்தவரின் பேரும் அன்று செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் விழாது.

அந்த விழாத பேரில்தான் இப்பராமரிப்பின் உண்மையான விலை ஒளிந்திருக்கிறது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் வேலை என்று கொண்டால் 33,750 ரூபா. தாயைப் பார்த்துக்கொள்ள மகள் மூன்று மாதம் வீட்டில் நின்றால் அந்தக் குடும்பம் இழப்பது ஒரு இலட்சத்துக்கு மேல். அவள் நிற்காவிட்டால் தாய் காலை ஏழு மணியிலிருந்து கொழுந்து நிறுத்து முடியும் வரை தனியே கிடப்பாள். பக்கத்துக் காம்பராக் கிழவி எட்டிப் பார்த்துத் தண்ணீர் கொடுப்பாள். இலவச மருத்துவம் உள்ள நாட்டில் ஏழைகள் கடைசி நோய்க்குச் செலுத்துவது மருந்துக் கட்டணத்தை அல்ல, நாட்சம்பளத்தை. இதைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் ஊவாவில் நிலைக்காது.

இனி மருந்து. மோர்பின் இல்லாமல் ஹொஸ்பீஸ் இல்லை. முற்றிய புற்றின் வலிக்கு வாயால் எடுக்கும் மோர்பினே உலகெங்கும் அடிப்படை மருந்து. அளவறிந்து கொடுத்தால் பாதுகாப்பானது, விலையும் அதிகமில்லை. இலங்கையில் அது நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. நடைமுறையில் நோயாளியின் கைக்கு அது அரச வைத்தியசாலைக் கிளினிக் வழியாகவே கிடைக்கிறது. ஆகவே, ஊவாவில் தொடங்கும் எந்தத் தனியார் சேவையும் பதுளை வைத்தியசாலையோடு எழுத்தில் ஓர் உடன்பாடு வைத்திராமல் முதல் நோயாளியை ஏற்பது தவறு. வலி தீரும் என்று நம்ப வைத்துவிட்டு மருந்தில்லாமல் கைவிரிப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. 2022இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாமல் நின்றபோது சாதாரண மருந்துகளுக்கே அல்லாடியது நினைவிருக்கும். மூன்று மாத இருப்பை எங்கே, யார் பொறுப்பில் பூட்டி வைப்பது என்பது அந்த உடன்பாட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சட்டப் பக்கம் சிக்கலானது, ஆனால் மூடிய கதவல்ல. 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். சுகாதாரம் 13ஆம் திருத்தத்தால் மாகாணத்துக்குப் பகிரப்பட்ட விடயம் என்பதால் ஊவா மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கதவைத் தட்டாமல் ஓர் அடியும் நகராது. இலாப நோக்கில்லாமல் நடத்துவோர் 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகப் பதியலாம். அல்லது 1980ஆம் ஆண்டின் தன்னார்வ சமூக சேவை நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதியலாம். வெளிநாட்டு நன்கொடையை எதிர்பார்ப்பவர்கள் கணக்காய்வைத் தொடக்க நாளிலிருந்தே ஒழுங்காக வைத்திருப்பது நல்லது. கொள்கை அளவில் அரசும் எதிர்ப்பக்கத்தில் இல்லை. தேசியப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் 2019 முதல் 2023 வரைக்கான நோய்த்தணிப்புப் பராமரிப்புத் தேசிய மூலோபாயச் சட்டகம் ஒன்றை வெளியிட்டது. வைத்தியசாலை, சமூகம், வீடு மூன்றையும் இணைக்க வேண்டும் என்பதே அதன் போக்கு. தோட்டத்தில் இறப்பைப் பதிவதற்கென்று தனி நடைமுறை உண்டு. தோட்ட அத்தியட்சகர் அறிக்கையிட வேண்டும். வீட்டில் இயல்பாக இறந்த ஒருவரின் குடும்பத்தை மரண விசாரணை, பிரேத பரிசோதனை என்று அலையவிடாமல் இருக்க, நோயின் விவரம் எழுதிய கிளினிக் கொப்பி ஒழுங்காக இருந்தால் பெரும் உதவி. இப்படியான சிறு காரியங்களில்தான் சேவையின் பெயர் தோட்டத்தில் நிற்கும்.

காணியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் நல்ல மனதோடு வருபவர்கள் விழும் குழி அது. அவர்கள் முதலில் கேட்பது, 'ஒரு ஏக்கர் கிடைக்குமா, இருபது கட்டிலோடு இல்லம் கட்டுவோம்' என்பதுதான். தோட்டக் காணிகள் அரசுக்குச் சொந்தம். 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. இரண்டு தரப்பின் இணக்கமும் பெற ஆண்டுகள் ஆகும். அதன்மேல் பதுளை மண்சரிவு மாவட்டம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை இல்லாமல் கட்டக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இம்மாவட்டம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மறுபடியும் மலைகள் சரிந்து பாதைகள் அறுந்தன. இப்படிப்பட்ட இடத்தில் ஒரே கட்டிடத்தில் எல்லாவற்றையும் வைப்பது, அக்கட்டிடத்துக்குப் போகும் ஒரே பாதையை நம்புவதாகும்.

கட்டிடம் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதைவிட வலுவான காரணம் ஒன்றுண்டு. மகரகமையில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவண இல்லம் பல்லாண்டுகளாக அரும்பணி செய்கிறது. பக்கத்திலேயே புற்றுநோய் வைத்தியசாலை இருப்பதால் அது அங்கே பொருந்துகிறது. நம் தோட்டத்து மனிதரோ தான் நட்ட பலாமரம் தெரியும் வாசலில் கண்மூட விரும்புகிறார். நான்கு தலைமுறை உழைத்தும் காணி உறுதி இல்லாத இடம்தான், ஆனாலும் அதுதான் அவருக்கு ஊர். பெற்றோர் புதைந்த இடுகாடும் அங்கேதான் இருக்கிறது. அவரை ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வெள்ளைச் சுவருக்குள் படுக்க வைத்தால், பார்க்க வருபவர்களுக்கும் பஸ் காசு இருக்காது.

வீட்டுப் பராமரிப்புக்கு நல்ல முன்மாதிரி கேரளத்தில் இருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வைத்தியர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் சேர்ந்து தொடங்கிய சிறு வலிநிவாரணக் கிளினிக், சில ஆண்டுகளில் அயலவர் வலையமைப்பாக விரிந்தது. ஊர்ச் சனம் பயிற்சி பெற்று நோயாளி வீட்டுக்குப் போனது, மாதம் சிறு தொகை போட்டது, கணக்கையும் தானே பார்த்தது. 2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்குக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே. அதன் பின் உள்ளூராட்சிகள் தாதிகளை அமர்த்தி வீடுவீடாக அனுப்பின. தமிழ்நாட்டில் 2021 ஓகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வீட்டுக்கு வந்து செய்யும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு சேர்க்கப்பட்டது. கேரளத்து வழியை ஊவாவில் அப்படியே பெயர்த்து நட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே பெரும்பாலும் நோயாளிக்கு ஓர் அறை இருக்கிறது, ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கடைக்காரரும் தொண்டர்களாக வருகிறார்கள். தோட்டத்தில் பகலில் வீட்டில் இருப்பவர்கள் கிழவர்களும் குழந்தைகளும்தான். கழிப்பறை வெளியே, சில இடங்களில் படி இறங்கிப் போக வேண்டும். ஆகவே வீட்டுச் சேவையோடு நான்கைந்து கட்டில் கொண்ட சிறு தங்குமிடமும் வேண்டியிருக்கும். பிரசவங்கள் அரச வைத்தியசாலைக்குப் போய்விட்டதால் பயனின்றிக் கிடக்கும் பழைய தோட்ட ஆஸ்பத்திரிகளின் பிள்ளைப்பேற்று அறைகளைக் கம்பனிகளிடம் கேட்டுப் பெறுவதுதான் விவேகம்.

முதலில் தோட்டப் பகுதிக்கு மட்டும் எத்தனை பேர் வேண்டும்? ஒரு தாதி நாளொன்றுக்கு நான்கு வீடு, மாதம் 22 நாள் என்றால் 88 வருகை. மோசமாக இருப்பவரை வாரந்தோறும், மற்றவரை இரண்டு வாரத்துக்கொருமுறை பார்த்தால் ஒருவர் கையில் முப்பது நோயாளிகள். முன்பு சொன்ன நானூறு பேரும் சராசரி மூன்று மாதம் சேவையில் இருப்பார்கள் என்றால், எந்த நாளிலும் நூறு பேர். விடுமுறையையும் மலைப்பாதையையும் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்து தாதிகள். பதுளை–ஸ்பிரிங்வெலிப் பக்கத்துக்கு ஒருவர், பசறை–லுணுகலை–மடுல்சீமைக்கு ஒருவர், பண்டாரவளை–தெமோதரை–நமுனுகுலைக்கு ஒருவர், அப்புத்தளை–ஹல்துமுல்லை–கொஸ்லந்தைக்கு ஒருவர், வெலிமடைப் பக்கம் ஒருவர். இவர்களோடு பகுதிநேர வைத்தியர் ஒருவர், மலையேறும் வாகனம் இரண்டு. இக்கணக்கை முதன்முறை போட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை. இரண்டு முறை சரிபார்த்தேன். ஒரு மாவட்டத்துத் தோட்ட மக்களின் கடைசி வலியைத் தணிக்க ஐந்து தாதிகள் போதும் என்ற நிலையில், அவர்களும் இல்லாமல் நாம் இவ்வளவு காலம் இருந்துவிட்டோம்.

அந்த ஐவரைத் தக்கவைப்பதுதான் கட்டிடத்தை விடக் கடினம். பராமரிப்பாளர் பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்களுக்கு இஸ்ரேல் முதல் வளைகுடா வரை வேலை காத்திருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் திருமணமாகித் தோட்டத்திலேயே தங்கிவிட்ட, சாதாரண தரம் வரை படித்த பெண்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளைமடுவத்திலும் குடும்பநல வேலையிலும் பழகிய அவர்களை டிவிசனுக்கு ஒருவராகத் தெரிந்து பயிற்றுவித்து, கொழுந்து பறிக்கும் நாட்சம்பளத்துக்குக் குறையாத ஊதியம் கொடுத்தால் அவர்கள் நிற்பார்கள். தாதி வாரம் ஒருமுறை வருவார். இவர்கள் தினமும் எட்டிப் பார்ப்பார்கள். மகள் மலைக்குப் போன நேரத்தில் தாயருகில் ஓர் ஆள் இருக்கும்.

பணம் எங்கிருந்து வரும் என்பதில் எனக்கு மயக்கம் இல்லை. நோயாளியிடம் கட்டணம் வாங்கி இச்சேவை தோட்டத்தில் ஒருநாளும் நடவாது. பதுளை, பண்டாரவளை நகரங்களில் ஓய்வூதியர், வியாபாரி, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர் என்று கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு முழுக் கட்டணத்தில் அதே தாதிகள் அதே தரத்தில் சேவை செய்யலாம். அது செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். மிச்சத்தைக் கம்பனிகளும் நன்கொடையாளரும் தாங்க வேண்டும். தொழிலாளர் நலன் பற்றி வெளிநாட்டுத் தேயிலை வாங்குவோருக்கு அறிக்கை எழுதும் கம்பனிகளுக்கு இது வெறும் தருமமும் அல்ல. பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தையும் தோட்ட வைத்திய உதவியாளர்களையும் தொடக்கத்திலேயே பங்காளிகளாக்க வேண்டும். அவர்களை ஒதுக்கிவிட்டு தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது.

மரணாதாரச் சங்கத்திடமும் கேட்க வேண்டும் என்பேன். அவர்களிடம் பெரும் பணம் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு டிவிசனில் யார் படுத்திருக்கிறார், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எந்த வைத்தியசாலைப் பதிவேட்டை விடவும் அவர்களுக்கு முந்தித் தெரியும். மாதம் பத்தோ இருபதோ ரூபா கூட்டி, 'உயிரோடு இருக்கும்போதும் பார்ப்போம்' என்று அச்சங்கம் ஒரு வரி தன் யாப்பில் சேர்த்தால், சேவை வெளியாரின் தருமமாக இராமல் தோட்டத்தின் சொந்தக் காரியமாகிவிடும். கேரளத்தில் வேலை செய்த விசை அதுதான். அதற்கான அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே என் மதிப்பீடு இது. ஊவாவில் இருபது கட்டில் ஹொஸ்பீஸ் ஒரு தொழிலாக நிற்காது, தருமமாகவும் நெடுநாள் நிற்காது. ஐந்து தாதிகள், டிவிசனுக்கு ஒரு பெண், பழைய தோட்ட ஆஸ்பத்திரியில் நாலு கட்டில், பதுளை வைத்தியசாலையோடு மோர்பின் உடன்பாடு என்ற அளவில் தொடங்கினால் நிற்கும். பசறை–மடுல்சீமைப் பக்கம் முதல் ஆண்டு நடத்திப் பார்த்து, கணக்கைப் பகிரங்கமாக வைத்து, பிறகு விரிக்கலாம்.

கொழும்பிலோ கனடாவிலோ இருந்துகொண்டு மலையகத்தில் ஒரு இல்லம் கட்டித் தர எண்ணியிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டிடப் பணத்தை மூன்று ஆண்டுச் சம்பளமாக மாற்றிக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவதொரு தோட்டத்து மரணாதாரச் சங்கக் கூட்டத்தில் போய் உட்கார்ந்து, இப்போது அங்கே யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெயர்களைச் சொல்வார்கள்.